ஒரே சண்டை, வேறு வேறு ஆட்கள்: உளஇயக்கவியலை வைத்து உங்களை நீங்களே படிப்பது எப்படி

மூன்று கம்பெனி மாறியாகிவிட்டது, மூன்றிலும் மேனேஜர் அதே டைப். வீட்டில் ஒரு சண்டை, நண்பர்களிடம் ஒரு சண்டை, ஆட்கள் வேறு, ஆனால் வசனம் மட்டும் ஒன்றுதான். இப்படி நடந்துகொண்டே இருந்தால் ஜாதகக் கட்டத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். உளவியலில் உளஇயக்கவியல் என்று ஒரு அணுகுமுறை இருக்கிறது. வியன்னாவில் ஃபிராய்டு தொடங்கி வைத்தது. அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், பின்னால் வந்து அவரைத் திருத்தியவர்கள் என்று நூறு வருஷத்துக்கும் மேலாகப் பல கை பட்டு மாறிவிட்டது. அதிலிருந்து நாலைந்து கருவிகளை மட்டும் எடுத்து, உங்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு விஷயத்தை எப்படிப் படிப்பது என்று இங்கே சொல்லப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பான முனையில் தொடங்குகிறார்கள். இட், ஈகோ, சூப்பர் ஈகோ, ஈடிபஸ் சிக்கல், வாய்ப் பருவம் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு அதற்குள் தன்னைத் திணிக்கப் பார்க்கிறார்கள், இரண்டே நாளில் "எனக்கு அம்மா பிரச்சினை" என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். போன வாரம் நடந்த சம்பவத்தில் தொடங்கிப் பின்னால் போங்கள். கோட்பாட்டை வழியில் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு மூன்று விஷயங்களை ஏற்றுக்கொண்டால் போதும். மனதில் நடப்பதில் நிறைய நமக்கே தெரியாமல் நடக்கிறது. மனம் ஒரே பக்கம் இழுப்பதில்லை, ஒன்றுக்கு ஆசைப்பட்டுக்கொண்டே அதற்குப் பயப்படவும் செய்யும். அப்புறம், சின்ன வயதில் வளர்த்தவர்களிடம் பழகிப் பழகி வந்த எதிர்பார்ப்புகள், வளர்ந்த பிறகு புதிதாக வருகிறவர்கள் மேல் போய் உட்காரும். ஃபிராய்டு 1923-இல் எழுதிய இட், ஈகோ, சூப்பர் ஈகோ எல்லாம் இதில் இரண்டாவதை விளக்க வந்த வரைபடம்தான்: ஒன்று "வேணும்" என்கிறது (இட்), ஒன்று "கூடாது" என்கிறது (சூப்பர் ஈகோ), இரண்டுக்கும் நடுவில் வெளியுலகத்தையும் பார்த்துக்கொண்டு ஒன்று மத்தியஸ்தம் பண்ணுகிறது (ஈகோ). மூளையை அறுத்துப் பார்த்தால் மூன்று அறை இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது, இல்லாத குரல் கேட்கிறது, சமீபத்தில் பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்திருக்கிறீர்கள் என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, இலங்கையில் 1926. இரண்டும் அரசு நடத்தும் உதவி எண்கள்.

சம்பவங்களை எழுதுங்கள், முடிவுகளை எழுதாதீர்கள்

ஒரு நோட்டு, பூட்டி வைக்க ஓர் இடம். வேறு எதுவும் வேண்டாம். போனில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாமே சென்சார் பண்ணிக்கொள்வோம், அதனால் காகிதம் நல்லது.

இந்த முறையைக் கொடுத்தவர் லெஸ்டர் லுபார்ஸ்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர். சிகிச்சை அறையில் நோயாளிகள் பேசியதை எழுத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். ஆட்கள் வாய் ஓயாமல் பிறரைப் பற்றிக் கதை சொல்கிறார்கள்; மேலதிகாரி, மனைவி, தம்பி, பஸ் கண்டக்டர் என்று பாத்திரங்கள் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை. 1977-இல் அவர் வெளியிட்ட முறை ரொம்ப எளிது. ஒவ்வொரு சம்பவத்திலும் மூன்றைத் தேட வேண்டும்: எனக்கு அவரிடம் என்ன வேண்டியிருந்தது, அவர் என்ன செய்தார், பதிலுக்கு நான் என்ன செய்தேன் அல்லது என்ன உணர்ந்தேன்.

பத்து சம்பவங்கள் சேரும் வரை எழுதுங்கள். அவசரமில்லை, ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். சண்டைதான் வேண்டும் என்றில்லை; மனதில் ஏதோ நெருடிய எந்த நிகழ்ச்சியும் ஆகும், நல்லபடியாக முடிந்தவை இரண்டு மூன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரே ஆளைப் பற்றியே பத்தும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அந்த ஆளின் குணம்தான் தெரியும், உங்களுடையது தெரியாது.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, நான் கற்பனையாகவே ஒருவரை வைத்துக்கொள்கிறேன்: தனியார் பள்ளி ஆசிரியை, நாற்பது வயது, வீட்டில் மூத்த பெண். அவர் நோட்டில் "எச்.எம்.முக்கு என்னைக் கண்டாலே ஆகாது, என் உழைப்புக்கு மரியாதை இல்லை" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது முடிவு. இப்படி எழுதினால் பிடிக்கக் கிடைக்கும்:

"ஆண்டு விழா மீட்டிங். ப்ரோகிராம் லிஸ்ட் யார் பார்க்கிறீர்கள் என்று எச்.எம். கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் பண்றேன் மேடம் என்றேன். ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்தேன். மேடையில் நன்றியுரை வாசித்தார்கள், ஆறு பேர் பெயர் வந்தது, என் பெயர் இல்லை. கைதட்டினேன். அடுத்த நாள் எச்.எம். ஏதோ ரிஜிஸ்டர் கேட்டார். டேபிள்ல இருக்கு என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மதியம் தலைவலி."

யார் என்ன சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை. உடம்புக்கு என்ன ஆனது. இந்த "மதியம் தலைவலி" மாதிரி சம்பந்தமில்லாமல் வந்து விழும் வரிகளை அடித்துவிடாதீர்கள்.

அவர் நோட்டில் இன்னும் இரண்டு. தம்பி வீட்டு கிரகப்பிரவேசம்: சமையல்காரரோடு பேரம் பேசியதிலிருந்து இலை எண்ணியது வரை இவர்தான், சாயங்காலம் யாரோ "நீ சாப்டியாம்மா" என்று கேட்க, பக்கத்திலிருந்த அம்மா "அவளுக்கென்ன, அவ சமாளிச்சுடுவா" என்றார். இன்னொன்று வீட்டில்: இவருக்குக் காய்ச்சல், கணவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டார், இவர் "ஒண்ணுமில்லை" என்றார், கணவர் சரி என்று படுத்துத் தூங்கிவிட்டார், இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை.

இப்போது மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். வேண்டியது: நான் கேட்காமலே யாராவது என்னைக் கவனிக்க வேண்டும். மற்றவர் செய்தது: கவனிக்கவில்லை. நான் செய்தது: வாயை மூடிக்கொண்டேன், இன்னும் அதிகமாக வேலை செய்தேன், உள்ளே இறுகிப் போனேன். பள்ளி, பிறந்த வீடு, புகுந்த வீடு, மூன்று இடத்திலும் ஒரே கதை.

மூன்றாவது சம்பவத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். கணவர் கேட்டார். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார். ஒண்ணுமில்லை என்று கதவைச் சாத்தியது இவர். அதாவது "யாரும் என்னைக் கவனிப்பதில்லை" என்ற அந்த அனுபவத்தில் ஒரு பகுதியை இவரே தயாரித்துக்கொள்கிறார், தான் தயாரிக்கிறோம் என்று தெரியாமல். உளஇயக்கவியல் தேடிப் போவது இந்த மாதிரி இடத்தைத்தான். தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல அது வரவில்லை. நன்றியுரையில் பெயரை விட்டது பள்ளிக்காரர்களின் தவறுதான், அதில் சந்தேகமே இல்லை.

முக்கோணம் போடுங்கள்

அடுத்த கருவி லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் வேலை பார்த்த டேவிட் மாலனுடையது. குறுகிய காலச் சிகிச்சையில் பெரிய ஆள். 1979-இல் வந்த தன் புத்தகத்தில் அவர் இரண்டு முக்கோணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் முக்கோணத்தின் மூன்று மூலைகள்: மறைந்திருக்கும் உணர்வு, அந்த உணர்வு வெளியே வந்தால் என்ன ஆகுமோ என்கிற பதற்றம், அந்தப் பதற்றம் தெரியாமலிருக்க நாம் செய்யும் தற்காப்பு. இரண்டாவது முக்கோணம் மனிதர்களைப் பற்றியது: அன்று வளர்த்தவர்கள், இன்று சுற்றி இருப்பவர்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர்.

எப்போதும் தற்காப்பு மூலையில் தொடங்குங்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் வெளியே தெரியும். ஆசிரியைக்கு "ஒண்ணுமில்லை" ஒரு தற்காப்பு. கை தூக்கிக் கூடுதல் வேலையை வாங்கிக்கொள்வதும் அப்படித்தான், சொல்லப்போனால் இது அதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் ஊரே பாராட்டும். அதிலிருந்து ஒரு படி உள்ளே போய்ப் பதற்றத்தைக் கேட்க வேண்டும்: "ஒண்ணுமில்லை என்று சொல்லாமல், எனக்கு முடியலை, கொஞ்சம் பக்கத்துல உட்காருங்க என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயம்?" மனதில் முதலில் வரும் பதிலை, எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் சரி, அப்படியே எழுதுங்கள். சலித்துக்கொள்வார். பாரமாக நினைப்பார். இவளுமா இப்படி என்பார். உணர்வு மூலை கடைசியாகத்தான் திறக்கும். ஆசிரியைக்கு அங்கே இருப்பது கோபம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் கோபத்துக்கும் அடியில் ஏக்கம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவரைப் போன்ற ஆளுக்குக் கோபத்தை ஒப்புக்கொள்வதைவிட ஏக்கத்தை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

தற்காப்புகளை முறையாகத் தொகுத்தவர் ஃபிராய்டின் கடைசி மகள் அன்னா ஃபிராய்டு, 1936-இல். பட்டியல் முழுவதையும் இங்கே தரப் போவதில்லை, நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படும் சிலதை மட்டும் சொல்கிறேன். ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வீட்டில் பிள்ளையைப் போட்டு வாங்குவது இடமாற்றம். தனக்குள் இருக்கும் பொறாமையைத் தனக்கே தெரியாமல் "எல்லாருக்கும் என்மேல் வயித்தெரிச்சல்" என்று அடுத்தவர் தலையில் வைப்பது புறத்தேற்றம். ஒரு ஆளைப் பிடிக்கவே பிடிக்காது, ஆனால் அவரைப் பார்த்ததும் உபசரிப்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்காகிவிடும், காபி, பலகாரம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று நிற்கவே நிற்காது, அதற்கு எதிர்வினை உருவாக்கம் என்று பெயர். அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிவதற்குள் அவருடைய மருத்துவ ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி, எந்த நிலையில் எந்த மருந்து கொடுத்திருக்கலாம் என்று ஒரு துளி கண்ணீர் இல்லாமல் விளக்குகிறவரைப் பார்த்திருக்கலாம்; அது அறிவால் மூடிக்கொள்வது. (மனம் கனக்கும்போது மனதைப் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிப்பதும் பல நேரம் இதே வகைதான்.)

தற்காப்பு என்றாலே நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, கல்லூரி மாணவர்களாக இருந்த ஆண்களை முதுமை வரை பின்தொடர்ந்தது. அதைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஜார்ஜ் வேலண்ட் தற்காப்புகளைப் பக்குவத்தின்படி வரிசைப்படுத்தினார். நகைச்சுவை, "இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தெரிந்தே தள்ளி வைப்பது, வலியை வேலையாகவோ கலையாகவோ மாற்றுவது எல்லாம் மேல்தட்டில் வரும். மறுப்பும் புறத்தேற்றமும் கீழே. தற்காப்பே இல்லாத ஆள் கிடையாது, நீங்கள் அதிகம் சாய்ந்துகொள்வது எது என்பதுதான் கேள்வி.

எங்கே தோண்டுவது என்று தெரியாவிட்டால், உணர்ச்சியின் அளவைப் பாருங்கள். வாட்ஸப்பில் நீலக் குறி விழுந்து பதில் வரவில்லை என்பதற்கு ஒரு ராத்திரி தூக்கம் போனால், அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒரு மெசேஜாக இருக்காது. அதே மாதிரி, அழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே வராமல் போனாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் போவது

இப்போதுதான் குழந்தைப் பருவம் வர வேண்டும். இரண்டு பக்கமும் சொல்கிறேன், எதற்காகப் போகிறோம், எங்கே நிறுத்த வேண்டும்.

1920-இல் வந்த ஒரு நூலில் ஃபிராய்டு ஒன்றரை வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதுகிறார், அவருடைய பேரன்தான். அம்மா வெளியே போனால் அவன் அழ மாட்டான், நல்ல பிள்ளை. ஆனால் கையில் ஒரு நூல்கண்டுக் கட்டையை வைத்துக்கொண்டு, கட்டியிருக்கும் நூலைப் பிடித்தபடி, திரை போட்ட கட்டிலின் விளிம்புக்கு அப்பால் வீசுவான், "ஓ-ஓ-ஓ" என்பான். "போயிடுச்சு" என்பதற்கான ஜெர்மன் சொல்லை அவன் அப்படிச் சொல்வதாக வீட்டார் புரிந்துகொண்டார்கள். அப்புறம் நூலை இழுத்துக் கட்டையை வெளியே கொண்டுவந்து, "இதோ" என்று குதூகலிப்பான். மறுபடி வீசுவான். அம்மா போவதில் அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை, இந்தக் கட்டை போவதும் வருவதும் அவன் கையில். நம்மைத் தாக்கியதை நாமே நடத்திப் பார்த்து அடக்கி ஆள முயல்வது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது என்று ஃபிராய்டு அதிலிருந்து பிடித்த நூல் இன்றைக்கும் அறுபடவில்லை.

அழாத நல்ல பிள்ளைகளைப் பற்றி இதைவிட உறுதியான ஆதாரம் பின்னால் வந்தது. குழந்தைக்கும் வளர்த்தவர்களுக்கும் நடுவில் உள்ள பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியோடு வேலை பார்த்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த், அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்து, அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பலர் அழுதார்கள், அம்மா வந்ததும் ஒட்டிக்கொண்டு சமாதானமானார்கள். சில குழந்தைகள் மட்டும் அம்மா போனதையும் கண்டுகொள்ளவில்லை, வந்ததையும் கண்டுகொள்ளவில்லை, பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தை என்றுதான் யாரும் சொல்வோம். 1970-களில் வேறு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, வெளியே அமைதியாக இருந்தாலும் உள்ளே துடிப்பு எகிறியிருந்தது. அந்தக் குழந்தைகளின் "ஒண்ணுமில்லை" அது.

ஆகவே நோட்டில் கேட்க வேண்டியது "எனக்கு என்ன கொடுமை நடந்தது?" என்பது இல்லை. சாதாரண நாட்களைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் யார் கோபப்படலாம், யார் படக் கூடாது? நான் அழுதால் முதலில் யார் வருவார், வந்து என்ன சொல்வார்? காய்ச்சல் வந்தால் என் பக்கத்தில் யார் படுத்துக்கொண்டார்? என்னைப் பற்றி வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட ஒரே ஒரு வாக்கியம் எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஆசிரியைக்கு அந்த வாக்கியம் தெரிந்ததே. தம்பி பிறந்தபோது அவருக்கு நாலு வயது என்று வைத்துக்கொண்டால், "அவளுக்கென்ன, சமாளிச்சுடுவா" என்பது அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டாகக்கூட இருந்திருக்கலாம். தேவை என்று எதையும் காட்டாமல் இருந்தால்தான் அந்த வீட்டில் இடம் என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டதில் தப்பே இல்லை, அன்றைய நிலவரத்துக்கு அது சரியான கணக்கு. நாற்பது வயதிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

பதில் எழுதும்போது அம்மா அப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயா, சித்தி, மாடி வீட்டு அத்தை, ஹாஸ்டல் வார்டன், யார் உங்களைப் பார்த்துக்கொண்டார்களோ அவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள். ஐரோப்பிய நடுத்தரக் குடும்பத்தை வைத்து வரைந்த படம் இங்கே அப்படியே பொருந்தாது என்று ரொம்ப நாள் முன்பே சொன்ன ஆள் உண்டு: 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ். (உளப்பகுப்பாய்வு என்பது ஃபிராய்டு தன் முறைக்கு வைத்த பெயர்.) ஃபிராய்டோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார், ஈடிபஸ் விஷயத்தில் (பையனுக்கு அம்மா மேல் ஆசை, அப்பா மேல் போட்டி என்ற ஃபிராய்டின் கருத்து) என் இந்திய நோயாளிகளிடம் நான் பார்ப்பது வேறு என்று அவருக்கே எழுதினார். 1931-இல், ஃபிராய்டின் 75-ஆவது பிறந்தநாளை ஒட்டி, அந்தச் சங்கம் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்றையும் அனுப்பி வைத்தது, அதை அவர் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

எங்கே நிறுத்துவது? ஞாபகத்தில் இல்லாததைத் தோண்டாதீர்கள். "மறந்துபோன கொடுமை ஏதோ இருக்க வேண்டும்" என்று தேடிப் போனால் மனம் ஒன்றைத் தயாரித்தே கொடுத்துவிடும். ஞாபகத்தை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட சோதனையில், சிறு வயதில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேட்டபோது, ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுசாகவோ அரைகுறையாகவோ "ஞாபகப்படுத்திக்" கொண்டார். அப்புறம், அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது இந்த வேலையின் நோக்கம் இல்லை. டொனால்ட் வினிகாட் குழந்தை மருத்துவராகவும் இருந்த உளப்பகுப்பாய்வாளர். குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, ஓரளவு நல்ல அம்மா போதும் என்று அவர் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

கனவு, நாக்குத் தவறுவது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாருக்கும் ஆர்வம் இங்கேதான், பலன் குறைவாகக் கிடைப்பதும் இங்கேதான். கூட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டிய ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் ஒருவர், கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்ட கதையை ஃபிராய்டு ரசித்துச் சொல்வார். இந்தக் கூட்டம் எப்போதடா முடியும் என்று மனிதர் நினைத்திருக்கிறார். ஆனால் நாக்குத் தவறுவதில் நிறைய, ஒலி ஒற்றுமையால் வரும் சாதாரணக் குழப்பம் என்பது மொழியியலாளர்களின் விளக்கம். அதனால் சிரித்துவிட்டு விடுங்கள், மறுபடி மறுபடி ஒரே இடத்தில் தவறினால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கனவுக்கும் பலன் புத்தகம் வேண்டாம், பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் இது என்பது பஞ்சாங்க வேலை. கனவில் வந்த ஒவ்வொன்றும் உங்களுக்கு எதை நினைவுபடுத்துகிறது, முந்தின நாளில் எதிலிருந்து வந்தது, எழுந்தபோது இருந்த உணர்வு என்ன, அவ்வளவு போதும்.

சரியா என்று சோதியுங்கள்

அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் ஃபிராய்டு மேல் வைத்த குற்றச்சாட்டு நியாயமானது: எது நடந்தாலும் அதற்கொரு விளக்கம் சொல்லிவிடும் கோட்பாட்டை எப்படித் தப்பு என்று நிரூபிப்பது? நம் நோட்டுக்கும் இது பொருந்தும். அதனால் நீங்கள் கண்டுபிடித்த கதையை ஒரு வாக்கியமாக எழுதி, அடுத்து வரப்போகும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். "வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் எக்ஸாம் டியூட்டி லிஸ்ட் வரும், யாரும் பேசாவிட்டால் எனக்குக் கை தூக்க வேண்டும் போல இருக்கும், தூக்காவிட்டால் நெஞ்சு படபடக்கும்." நடக்கவில்லையா, வாக்கியத்தை மாற்றுங்கள். நாலைந்து முறை பொய்த்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சம்பவங்களை முதலிலிருந்து படியுங்கள்.

பொருந்துகிறது என்றால் மாற்ற வேண்டியது தற்காப்பில் ஒரு சின்னத் துண்டு மட்டும். ஆசிரியை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம், அம்மாவிடம் முப்பத்தாறு வருஷக் கணக்கைத் தீர்க்கவும் வேண்டாம். கணவர் என்ன ஆச்சு என்று கேட்கும்போது, ஒண்ணுமில்லை என்பதற்குப் பதில் "தலை வலிக்குது, ஒரு சுக்குக் காபி போட்டுத் தர முடியுமா" என்று ஒருமுறை சொன்னால் போதும். சொல்லும்போது வயிற்றைப் பிசையும், அவர் அடுப்படிக்குப் போன பிறகு "வேணாம் விடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்று எழுந்து போகக் கால் பரபரக்கும். அந்தப் பரபரப்புதான் முக்கோணத்தின் பதற்ற மூலை. நோட்டில் எழுதியபோது வார்த்தையாக இருந்தது இப்போது உடம்பில் தெரிகிறது. உட்கார்ந்தே இருங்கள். காபி சுமாராகத்தான் இருக்கும், குடியுங்கள். ஒரு தடவையில் எதுவும் மாறாது. தெரிந்துகொள்வதற்கும் மாறுவதற்கும் நடுவில் நீண்ட, சலிப்பான உழைப்பு உண்டு என்று ஃபிராய்டே 1914-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

அடுத்தவர் மேல் இதைப் பிரயோகிக்காதீர்கள். நாலு வார்த்தை கற்றதும் கை அரிக்கும், "நீ இப்போ புறத்தேற்றம் பண்றே" என்று மனைவியிடம் சொல்லத் தோன்றும். 1910-இல் ஃபிராய்டு எழுதிய ஒரு சம்பவம்: நாற்பதைத் தாண்டிய, விவாகரத்தான ஒரு பெண்ணிடம் இளம் மருத்துவர் ஒருவர் உன் பதற்றத்துக்கெல்லாம் காமம் தீராததுதான் காரணம் என்று நேரடியாகச் சொல்லி, பரிகாரமும் சொல்லி, இது ஃபிராய்டின் கண்டுபிடிப்பு என்று அவர் பெயரையும் இழுத்துவிட்டார். அந்தப் பெண் பதற்றம் இன்னும் ஏறிய நிலையில் ஃபிராய்டிடமே வந்து நின்றார். மறைந்திருப்பதை இப்படி எடுத்துச் சொல்வதால் நோய் தீரும் என்றால், பஞ்ச காலத்தில் ஓட்டல் மெனு கார்டை விநியோகித்தால் பசி தீர வேண்டும் என்று அவர் கேலி செய்தார்.

ஆள் தேவைப்பட்டால்

தனியாக நோட்டு வைத்துச் செய்வதில் ஓர் எல்லை உண்டு. மாலனின் இரண்டாவது முக்கோணத்தில் சிகிச்சையாளர் மூலை காலியாகவே இருக்கும். அந்த மூலை முக்கியம், ஏனென்றால் பழைய கதை அங்கே கண்முன்னால் நடக்கும். ஆசிரியை சிகிச்சைக்குப் போனால் நாலாவது வாரமே சிகிச்சையாளருக்குச் சிரமம் கொடுக்காத நல்ல நோயாளி ஆகிவிடுவார், "இந்த வாரம் நல்லாதான் இருந்துச்சு மேடம்" என்பார், மேடம் தன் வாட்டத்தைக் கவனிக்கவில்லை என்று உள்ளே இறுகுவார். டிரான்ஸ்ஃபரன்ஸ், அதாவது பழைய உறவின் உணர்வுகளைச் சிகிச்சையாளர் மேல் ஏற்றுவது என்பது இதுதான். ஃபிராய்டு இதன் எடையை உணர்ந்தது ஒரு தோல்வியில். டோரா என்ற புனைபெயரில் அவர் எழுதிய பதினெட்டு வயதுப் பெண், 1900 அக்டோபரில் சிகிச்சைக்கு வந்து, அந்த டிசம்பர் கடைசி நாளில் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு ஒருவர் மேலிருந்த கோபம் தன் மேல் திரும்பியிருந்ததை நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று 1905-இல் வெளியிட்ட அறிக்கையில் ஃபிராய்டு ஒப்புக்கொண்டார்.

ஃபிராய்டு காலத்து மாதிரி இன்றைக்கு யாரும் வாரத்துக்கு ஆறு நாள் சோபாவில் படுக்கச் சொல்வதில்லை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, நாற்காலியில் எதிரெதிரே, பேச்சு. பலன் உண்டா என்றால், 2010-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, மற்றச் சிகிச்சைகளுக்கு இது குறைந்ததில்லை, சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது என்று எழுதினார். அந்தத் தொகுப்பு முறையைக் குறை சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பயம், கை கழுவிக்கொண்டே இருப்பது போன்றவற்றுக்கு நடத்தை சார்ந்த சிகிச்சைதான் நேர்வழி என்பது என் எண்ணம். உறவுகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முட்டுகிறவர்களுக்கு இது.

இந்தியாவில் தேடும்போது மருத்துவ உளவியலாளரா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "லைஃப் கோச்" என்று மட்டும் போர்டு போட்டிருந்தால் வேண்டாம். முதல் சந்திப்பில் இன்னொன்றும் கேட்கலாம்: "உங்க மேலயே எனக்குக் கோபம் வந்தா அதைப் பத்தி இங்கே பேசலாமா?" நல்ல உளஇயக்கவியல் ஆள் என்றால் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்காருவார், ஏன் கேட்கிறீர்கள் என்று மெதுவாக விசாரிப்பார். போகத் தொடங்கிய பிறகு ஏதோ ஒரு வாரம் "போதும், இதோடு நிறுத்திக்கலாம்" என்று திடீரென்று தோன்றினால், மெசேஜ் அனுப்பி முடித்துக்கொள்ளாமல் இன்னும் ஒரே ஒரு முறை நேரில் போய், நிறுத்தத் தோன்றுவதையே அன்றைய பேச்சாக வைத்துவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள்.